பட்டைப் பாத எழுத்துகள்

கண் மருத்துவர் முன் அமர்ந்து, எதிர்ச் சுவரில் தொங்கும் அட்டையின் ஆங்கில எழுத்துகளை வரிவரியாகப் படித்துக் காட்டியிருப்பீர்கள். பழைய முறை அட்டையாக இருந்தால் அந்த எழுத்துகளின் உருவத்தில் ஒரு விந்தையைக் கண்டிருக்கலாம். கோடுகள் முடியும் இடங்களில் சதுரமான சிறு கட்டைகள் நீட்டிக்கொண்டிருக்கும். கோட்டின் முனையில் வரும் குறுக்குத் துண்டை அச்சுத் தொழிலில் செரிஃப் என்பர். புத்தக எழுத்தில் அது நகக்கீற்றுப் போல் மெல்லியது. அதையே செங்கல் போல் தடிக்க வைத்தால் ஸ்லாப் செரிஃப் ஆகிறது. நாம் அதைப் பட்டைப் பாத எழுத்து என்று சொல்லிக்கொள்வோம்.

சுவரொட்டியிலும் விளம்பரத்திலும் இதன் மிகத் தடித்த வகைகளுக்குத்தான் கிராக்கி. தடித்தால் தூரத்திலிருந்தும் நன்றாகத் தெரியும் என்று பலரும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை பாதிதான் சரி.

நெதர்லாந்து நாட்டுக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862-இல் வெளியிட்ட அட்டையையே எடுத்துக்கொள்வோம். அவர் எழுத்தின் உயரத்தை ஐந்து சம பங்காகப் பிரித்தார். கோட்டின் தடிப்பு ஒரு பங்கு, இடைவெளியும் ஒரு பங்கு. 'ஈ' எழுத்தில் மூன்று கறுப்புக் கோடுகள், இரண்டு வெள்ளை இடைவெளிகள், கணக்கு நேராகிவிடுகிறது. நல்ல கண்ணால் ஒரு பாகையின் அறுபதில் ஒரு கூறு அளவுள்ள இடைவெளியைப் பிரித்தறிய முடியும். பத்து மீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். ஆகவே 15 மி.மீ. உயரமுள்ள ஸ்னெல்லன் எழுத்தைப் பத்து மீட்டரிலிருந்து ஒருவாறு படித்துவிடலாம்.

இப்போது அதே 'ஈ'யின் கோடுகளை ஒன்றரை மடங்கு தடிக்கச் செய்யுங்கள். ஒவ்வொன்றும் 4.5 மி.மீ.; மூன்றும் சேர்ந்து 13.5 மி.மீ. எஞ்சிய 1.5 மி.மீ.-ஐ இரண்டு இடைவெளிகளும் பங்கிட்டால் ஆளுக்கு முக்கால் மில்லிமீட்டர். அந்த வெள்ளைக் கீற்றைக் காண இரண்டரை மீட்டர் அருகில் வந்தாக வேண்டும்! தூரத்தில் நிற்பவருக்கு அது 'ஈ' அல்ல, கறுப்புக் கட்டி. அச்சு மை கசிந்தால் அந்தக் கீற்றும் போய்விடும்.

இவ்வெழுத்துகள் பிறந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் சுவர்களில் நாடகமும் லாட்டரியும் ஒன்றையொன்று மிஞ்சக் கூவின. முதலில் வந்த கொழுத்த எழுத்துகளில் நிலைக்கோடுகள் மட்டும் பருத்தன. குறுக்குக் கோடுகள் மயிரிழையாகவே நின்றன. தொலைவில் இழைகள் மங்கிவிட, 'எச்' இரண்டு தனித் தூண்களாகத் தோன்றும். 1817-ஐ ஒட்டி வின்சென்ட் ஃபிகின்ஸ் தம் மாதிரிப் புத்தகத்தில் பாதங்களையும் தடிக்கச் செய்து இக்குறையை நீக்கினார். எகிப்து மோகம் பரவியிருந்த காலமாதலால் இவ்வகைக்கு 'எகிப்தியன்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. எகிப்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது!

ஈய எழுத்து பெரிதானால் சுமை தாங்காது. 1827-இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் எந்திரத்தால் மரத்தில் எழுத்துக் குடையத் தொடங்கினார். 1834-இல் வில்லியம் லீவன்வொர்த் வரைபடத்தைப் பெருக்கிச் சிறுக்கும் பான்டோகிராஃபை அதனுடன் இணைத்தார். ஒரே வரைபடத்திலிருந்து எந்த அளவிலும் எழுத்து வெட்டலாம் என்றானதும் தடிப்புக்கு வரம்பு இல்லாமல் போயிற்று. பாதம் உடலைவிடத் தடித்த வகைகளும் வந்தன. கௌபாய்ப் படங்களின் தலைப்பில் காண்பது அதுதான். வேடிக்கைக்கு நன்று, அதில் ஒரு முழு வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள், தெரியும்.

இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தது கிளாரண்டன். ராபர்ட் பெஸ்லி 1845-இல் லண்டனில் வெளியிட்டது. (பிற்காலத்தில் அந்நகரின் மேயராகவும் ஆனவர் இவர்.) அகராதியில் பொருள் விளக்கத்திலிருந்து தலைச்சொல் தனித்துத் தெரிய வேண்டும் என்பது போன்ற தேவைக்குப் பிறந்தது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் தலைச்சொற்கள் இவ்வகையிலேயே அச்சாயின. இதில் நிலைக்கோடு தடிப்பு, குறுக்குக்கோடு சற்று மெலிவு. பாதமும் வெட்டி ஒட்டினாற்போல் இல்லாமல் வளைந்து உடலோடு சேர்கிறது. 'ஈ'யின் வயிற்றில் வெள்ளை மிஞ்சுகிறது. தடித்திருந்தும் மூச்சு விடும் எழுத்து.

1929-இல் ருடால்ஃப் வுல்ஃப் வரைந்த மெம்ஃபிசும் 1934-இல் மோனோடைப் நிறுவனம் தந்த ராக்வெல்லும் வேறு வழி சென்றன. எல்லாக் கோடும் ஒரே தடிப்பு, 'ஓ' காம்பசால் போட்ட வட்டம் என்பது அவற்றின் இலட்சியம். ஆனால் சம அளவுள்ள இரு கோடுகளில் கிடைக்கோடுதான் நம் கண்ணுக்குத் தடித்துத் தோன்றும். ஆகவே கிடைக்கோட்டை இரகசியமாக மெலிக்காமல் சமம் என்ற தோற்றத்தையே தர முடியாது. மெல்லிய அளவில் ராக்வெல் அழகுதான். அதன் மிகத் தடித்த வகையில் 'ஏ'யின் உச்சியிலும் ஒரு கட்டை ஏறி உட்கார, உள்ளே முக்கோண வெள்ளை ஒரு புள்ளியாகச் சுருங்குகிறது.

அறிவியல் கண்காட்சிக்கு விளக்க அட்டை தயாரிக்கும் மாணவர்கள், கணினியில் உள்ளவற்றுள் மிகத் தடித்த எழுத்தைத் தேடி, செய்முறை முழுவதையும் அதிலேயே அடித்துவிடுவதைப் பார்க்கிறேன். தலைப்பின் மூன்று நான்கு சொற்களுக்கு அது போதும். அதிலும் எழுத்துகளுக்கிடையே சற்று இடம் விடுங்கள்; இல்லாவிட்டால் பாதங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். 1972-இல் பால் ராண்ட், ஐ.பி.எம். நிறுவனப் பெயரின் தடித்த எழுத்துகளை எட்டுக் கிடைக்கோடுகளாக அறுத்து நடுவே வெள்ளையைப் புகுத்தினார். அந்தச் சின்னத்தில் இருப்பவை மூன்றே எழுத்துகள் என்பதையும் கவனியுங்கள்.