மடக்குக் கத்தியும் குத்தூசியும்

பழைய பொருள்களைச் சேகரிக்கிறவர்களைப் பற்றி நம்மிடையே இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. வேலையற்றவனின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்கள் ஒரு கட்சி. சரித்திரத்தைக் காப்பாற்றும் தொண்டு என்று கொண்டாடுகிறவர்கள் இன்னொரு கட்சி. எனக்கு இரண்டிலும் முழுச் சம்மதம் இல்லை. சேகரிப்பு ஒருவகை விமரிசனம் என்பது என் கட்சி. கண்ணில் படுகிற ஆயிரத்தில் பத்தை எடுத்து வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறவன், வாயைத் திறக்காமலே ஒரு தீர்ப்புச் சொல்லிவிடுகிறான். தீர்ப்பு என்று வந்துவிட்டால் அது சரிதானா என்று கேட்கிற உரிமை வாசகனுக்கு இருப்பதைப் போலவே, கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று பார்க்கிறவனுக்கும் உண்டு.

அம்பத்தூரில் இருக்கும் என் நண்பர் ஒருவர் மடக்குக் கத்திகள் சேர்க்கிறார். கிடைத்ததை எல்லாம் அல்ல. வெட்டுகிற அலகோடு, தோலில் துளை போடுவதற்கென்றே தனியாக ஓர் அலகு உள்ள பழைய கத்திகளை மட்டும். இருபத்து மூன்று வைத்திருக்கிறார். சென்னையின் மேற்குப் புறத்தில் இந்த ஆசை ஒருவருக்கு வந்ததில் ஆச்சரியம் இல்லை. பூந்தமல்லி வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கன்டோன்மென்டாக இருந்த ஊர். நோயாளிச் சிப்பாய்களைத் தேற்றுவதற்கும் அங்கே அனுப்பினார்கள். ஆவடி, இரண்டாவது உலக யுத்தத்தின்போது பெரிய ராணுவக் கிடங்காயிற்று. பட்டாளம் தங்கிய இடத்தில் பெட்டியும் பெல்ட்டும் கத்தியும் மிஞ்சுவது இயல்பு. மிஞ்சியவை காயலான் கடைகளுக்கும், 1985இல் எரிந்துபோகும்வரை மூர் மார்க்கெட்டுக்கும், இப்போது பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தைக்கும் வந்து சேர்கின்றன. நண்பரின் கத்திகளில் பாதிக்கு மேல் இப்படிக் கைமாறி வந்தவைதான்.

அந்த அலகைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். அது மற்ற அலகுகளைப் போலத் தட்டையாக இராது. நீளவாட்டில் வளைத்து, பாதிக் குழாயைப் போலக் குழிவாகச் செய்திருப்பார்கள். நுனி கூர்ந்திருக்கும், ஓரம் ஒன்று தீட்டப்பட்டிருக்கும். நுனியைத் தோலில் ஊன்றித் திருகினால், அந்த ஓரம் தோலைச் சீவிக்கொண்டே உள்ளே இறங்கும். எவ்வளவு தூரம் இறக்குகிறோமோ அவ்வளவு பெரிய வட்டத் துளை. சாதாரணக் கத்தி முனையால் குத்தினால் விழுவது துளை அல்ல, கீறல். வாரை இழுத்துக் கட்டும்போது கீறலின் இரண்டு முனைகளிலும் இழுப்புக் குவிந்து, தோல் கிழிந்துகொண்டே போகும். வட்டத்துக்கு முனை கிடையாது. இழுப்பைச் சுற்றிலும் பகிர்ந்துகொள்ளும். ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட நம் பக்கத்துக் கெட்டித் தோலில் இந்தத் துளை அச்சுப் போட்டதுபோல நிற்கும். குரோம் ரசாயனத்தில் பதனிட்ட தோல் இழுத்தால் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். அதில் துளை அவ்வளவு ஒழுங்காக நிற்காது.

இங்கே ஒரு தவற்றைத் திருத்தவேண்டும். பிரிட்டிஷ் பட்டாளத்தின் மடக்குக் கத்தியில் நீளமாக ஒரு முள் இருக்கும். பழைய சாமான் கடைக்காரர்கள் அதையும் தோல் துளைக்கிற கருவி என்று சொல்லி விற்பார்கள். அது கயிற்றின் புரிகளைப் பிரித்துப் பின்னுவதற்கான முள். அதற்கு வெட்டுகிற ஓரமே கிடையாது. புரியை விலக்குவது ஒரு வேலை, தோலைச் சீவுவது வேறு வேலை. என் நண்பர் இதை நன்றாக அறிந்தவர். முள் வைத்த பட்டாளக் கத்திகளைத் தம் பெட்டிக்குள் விடவில்லை. வேலையைக் கொண்டு பொருளைப் பிரிக்கத் தெரிந்ததே ஒரு நல்ல விமரிசகனின் லட்சணம்.

தேதி கண்டுபிடிப்பதிலும் அவர் கெட்டிக்காரர். ஷெபீல்டு நகரத்து ஜோசப் ராஜர்ஸ் கம்பெனியின் நட்சத்திரமும் மால்டாச் சிலுவையும் 1764இல் வழங்கப்பட்ட முத்திரை. அது இருந்தால் மட்டும் போதாது, கூட இருக்கும் எழுத்துக்களையும் பார்க்கவேண்டும் என்பார். பிறந்த நாட்டின் பெயர் பொறித்திருந்தால் பெரும்பாலும் 1890க்குப் பிந்திய சரக்கு. அந்த வருஷத்து அமெரிக்கச் சுங்கச் சட்டம்தான் இறக்குமதிச் சாமான்களில் அப்படிப் பொறிக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. புதுக் கத்தியை அமிலத்தில் நனைத்துக் கிழவனாக்கி விற்கிற மோசடியையும் துருவின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். இவ்வளவு சிரத்தை நம்மில் எத்தனை பேருக்கு எந்த விஷயத்தில் இருக்கிறது? அவர் எடுத்து வைக்காவிட்டால் இந்த இருபத்து மூன்றும் இந்நேரம் உலையில் உருகிக் கட்டிடக் கம்பியாகியிருக்கும்.

ஆனால் எது உசத்தி என்று அவர் வரிசைப்படுத்துகிற இடத்தில்தான் எனக்குத் தகராறு.

அவருடைய வரிசையில் முதல் ஸ்தானம் பெறுவது சாரணச் சிறுவர்களுக்காகச் செய்த ஓர் அமெரிக்கக் கத்தி. அமெரிக்காவில் சாரணர் சங்கம் 1910இல் தோன்றியது. அதன் பிறகு இந்த வகைக் கத்தி பிரசித்தமாயிற்று. வெட்டும் அலகு, டின் திறப்பான், திருப்புளி, துளைக்கும் அலகு என்று நான்கு உறுப்புகள். நண்பரிடம் இருப்பது சாணைக்கல்லையே கண்டதில்லை. திறந்தால் வில் 'டக்'கென்று பேசுகிறது. பிடியில் கீறல் இல்லை. கடைசி ஸ்தானத்தில் கிடப்பது அமெரிக்க மாட்டுப் பண்ணைக்காரர்களுக்காகச் செய்த ஒரு மூன்றலகுக் கத்தி. தீட்டித் தீட்டி அதன் பெரிய அலகு பாதியாகிவிட்டது. முத்திரை தேய்ந்து போயிற்று. துளைக்கும் அலகின் ஓரமோ, யாரோ வருஷக்கணக்காகத் திருகியதில் மெலிந்து மினுங்குகிறது. "இதற்கு விலையே கிடையாது, ஸார். ஒரு மாதிரிக்கு வைத்திருக்கிறேன்" என்றார்.

இது அவர் ஒருவருடைய ருசி அல்ல. உலகம் முழுவதும் கத்தி சேர்க்கிறவர்களின் சந்தை இப்படித்தான் விலை போடுகிறது. உபயோகிக்காதது உயர்வு, தேய்ந்தது தாழ்வு. புஸ்தகத்தைப் பக்கம் பிரிக்காமலே வைத்திருப்பதைப் பெருமையாகச் சொல்கிற ரசிகரும் உண்டல்லவா? அட்டையையும் பதிப்பு வருஷத்தையும் பற்றி அவர் மணிக்கணக்கில் பேசுவார். உள்ளே யார் செத்தார்கள், யார் அழுதார்கள் என்று தெரியாது. அந்தத் தேய்ந்த கத்தியிடம் கேட்டால் ஒரு மனுஷனின் வாழ்க்கை வெளியே வரும். அவன் வண்டிக் கடைக்கும் சேணம் தைக்கிறவனிடத்துக்கும் தொலைவில் இருந்தான். வழியில் கடிவாள வார் அறுந்தால் அவனே இறங்கி, அவனே துளை போட்டு, அவனே முடிச்சுப் போட்டான். வரிசையைத் தலைகீழாக்கி இந்தக் கத்தியை முதலில் வைப்பேன் நான்.

இதுவரை ருசி வேறுபாடு என்று விட்டுவிடலாம். இதற்கு மேல் வருவதுதான் முக்கியம். மடக்குக் கத்தியில் தோல் துளைக்கிற அலகு ஏன் வந்தது என்ற கேள்விக்கு, வெளிநாட்டானின் சாமர்த்தியம் என்று என் நண்பர் பதில் சொல்கிறார். வெறும் சாமர்த்தியம் அல்ல. சுவிட்சர்லாந்து 1891இல் தன் சிப்பாய்களுக்கு வழங்கிய முதல் மடக்குக் கத்தியில் நான்கே உறுப்புகள்; அந்த நான்கில் ஒன்று துளைக்கும் அலகு. சிப்பாய் எந்த வீட்டுப் பிள்ளையானாலும் அவன் பையில் அது போயிற்று. குதிரை வைத்திருக்கிறவன், மாடு மேய்க்கிறவன், சாரணச் சிறுவன் எல்லோருக்கும் அது பொது. தன் தோல் வாரைத் தானே பழுது பார்ப்பதில் அவமானம் இல்லை என்று நினைத்த சமூகத்தில்தான் அந்த அலகு சட்டைப்பைக்குள் நுழைய முடியும்.

நம் ஊரில் தோல் வேலைக்குக் குறைச்சல் இருந்ததா? அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் ஆலைகள் வருவதற்கு முன்னால் ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமுமாக இருந்த கிராமங்கள். கிணற்றில் கவலை இறைத்தார்கள். சாலின் அடியில் தொங்கியது தோல் வால். மாட்டின் கழுத்து மணிக்குத் தோல் வார். ஜட்கா குதிரைக்குத் தோல் சேணம். திருவிழாவுக்குத் தோல் பறை. இவ்வளவு தோலும் கிழியத்தானே செய்யும்? ஆனால் மடியில் பேனாக்கத்தி செருகிய விவசாயியின் கத்தியில் துளைக்கிற அலகை நான் எங்கும் பார்த்ததில்லை. தேவை இல்லாததால் அல்ல. அந்த வேலைக்கென்று சில சாதிகளை ஒதுக்கி, ஊருக்கு வெளியே குடிவைத்திருந்தோம். வார் அறுந்தால் அவர்களைக் கூப்பிட்டு அனுப்புவோம். அவர்கள் வாசலுக்கு வெளியே உட்கார்ந்து தைத்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். கருவி அவர்கள் கையில் இருந்தது. அதைத் தொடுவது நமக்கு இழுக்கு.

நம் கவிஞனுக்கு இது தெரியாமல் இல்லை. புறநானூற்றின் 82ஆவது பாட்டில், ஒரு போரின் வேகத்தைச் சொல்ல வந்த சாத்தந்தையார், கட்டிலுக்கு வார் பின்னுகிற தொழிலாளியின் கையிலுள்ள ஊசியைத்தான் உவமையாக எடுத்தார். ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பிரசவ வேதனை, மழை வேறு, பொழுதும் சாய்ந்துவிட்டது. அந்த அவசரத்தில் ஓடுகிற ஊசி. தொழிலாளியைத் தாழ்ந்தவன் என்கிற சொல்லால்தான் பாட்டுச் சுட்டுகிறது. இருந்தும் அரசன் போரிடும் வேகத்துக்கு ஈடாக அவன் கை வேகத்தை வைக்கிறது. புலவர் கண் கருவியையும் கண்டது, அதைப் பிடித்த கையையும் கண்டது. நம் கண்ணாடிப் பெட்டிகள் அந்த அளவுக்குக்கூட வரவில்லை.

பிற்காலத்தில் இந்தக் கோட்டைத் துணிந்து தாண்டியவர் காந்தி. தென்னாப்பிரிக்காவில் 1910இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில், காலன்பாக்கிடம் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டார். தமிழர்கள் பலர் வாழ்ந்த பண்ணை அது. தாம் செய்த ஒரு ஜோடியை ஜெனரல் ஸ்மட்ஸுக்குக் கொடுத்தார். ஸ்மட்ஸ் அதைப் பல கோடைக்காலங்கள் அணிந்துவிட்டு, 1939இல் காந்தியின் எழுபதாவது பிறந்த நாளை ஒட்டித் திருப்பி அனுப்பினார். பாரிஸ்டர் ஒருவர் தோலில் துளை போட்டது நமக்கு இன்றைக்கும் ஒரு சம்பவமாக ஞாபகம் இருக்கிறதே, அதுவே நம் நிலைமைக்குச் சாட்சி. மாட்டுப் பண்ணைக்காரன் செய்தால் அது சம்பவமே அல்ல.

என் நண்பரிடம் இதைச் சொன்னேன். ஆவடி ரயில் நிலையத்துக்கு வெளியே செருப்புத் தைக்கிறவரிடம் ஒரு குத்தூசி இருக்கிறது. சைக்கிள் சக்கரக் கம்பியைத் தீட்டி, மரக்கட்டையில் இறுக்கி, அவரே செய்துகொண்டது. அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆரம்பித்த பிறகு இந்தப் பக்கத்தில் சைக்கிள் கம்பிக்கு என்ன பஞ்சம்? பிடி, உள்ளங்கையின் வடிவத்துக்கே குழிந்திருக்கிறது. "அவர் அதை மாற்றுகிற காலத்தில் பழசுக்கு நியாயமான விலை கொடுத்து வாங்கி, உங்கள் பெட்டியில் இருபத்து நாலாவதாக வையுங்கள்" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. யோசித்துவிட்டு, "முத்திரை இல்லை, வருஷம் இல்லை, செய்த கம்பெனி இல்லை. எதை வைத்து அதை இனம் பிரிப்பது? கத்தி என்றுகூடச் சொல்ல முடியாதே, ஸார்!" என்றார்.

நியாயமான ஆட்சேபம்தான், இனம் பிரிக்காத சேகரிப்பு வெறும் குவியல். ஆனால் முத்திரை இல்லாததற்குக் காரணம் அந்தக் கருவியின் குறை அல்ல. ஷெபீல்டுத் தொழிலாளியின் கத்தியில் முதலாளியின் பெயராவது விழுந்தது. நம் தொழிலாளியின் கருவியில் எந்தப் பெயரும் விழவில்லை. விழவேண்டும் என்று யாரும் நினைக்கவும் இல்லை. பெயர் பொறித்ததை மட்டுமே பாதுகாப்பது என்று விதி வைத்துக்கொண்டால், பெயர் மறுக்கப்பட்டவர்களை இரண்டாவது தடவையும் வெளியே நிறுத்துகிறோம். முதல் தடவை ஊர் நிறுத்தியது. இரண்டாவது தடவை ரசனை நிறுத்துகிறது. இனம் பிரிக்க வழியா இல்லை? செய்தவர் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். அவர் பெயர், அவர் ஊர், அந்தக் கருவி எந்தத் தோலுக்கு, எத்தனை வருஷம் உழைத்தது என்று கேட்டு ஒரு அட்டையில் எழுதி வைத்தால், ராஜர்ஸ் முத்திரையைவிடத் திட்டமான ஆதாரம் அது. அமிலத்தில் நனைத்து அதைப் போலி செய்ய முடியாது.

குதிரை போய் டாங்கி வந்த ஊர் ஆவடி. 1965இல் அங்கே முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. சேணத்தோடு சேணம் தைத்தவர்களின் கருவிகளும் போய்க்கொண்டிருக்கின்றன. ஒட்டுப் பசையும் பிளாஸ்டிக்கும் தைக்கிற வேலையையே குறைத்துவிட்டன. இன்னும் பத்து வருஷம் கழித்துத் தேடினால் வெளிநாட்டு மடக்குக் கத்தி கிடைக்கும். கையால் செய்த குத்தூசி கிடைக்காது. என் நண்பரின் இருபத்து மூன்று கத்திகளும் நல்ல கத்திகள். அவற்றைப் பற்றிய அவருடைய அறிவும் மெய்யான அறிவு. ஆனால் தோலில் துளை போடுவது என்ற ஒரு தொழிலைப் பற்றிய சேகரிப்பு என்று அவர் அதைச் சொல்வாரானால், அந்தத் தொழிலை இந்த மண்ணில் செய்தவர்கள் அதில் ஒருவர்கூட இல்லை. அந்த இடம் நிரம்பும்வரை அது அரைகுறைச் சேகரிப்பு என்பதே என் அபிப்பிராயம்.