அலையேறும் இளைஞரும் நேரடி ஒளிபரப்பும்

1960-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜான் செவர்சன், தாம் எடுத்த அலைச்சறுக்குத் திரைப்படமொன்றுக்கு விளம்பரமாக 36 பக்கத்தில் ஒரு சிறு வெளியீட்டைக் கொண்டுவந்தார். 'சர்ஃபர்' என்னும் பத்திரிகையாய் வளர்ந்த அது, 2020-இல் நின்றுபோகும்வரை, எந்த அலை பேசத் தக்கது, எந்த வீரர் போற்றத் தக்கவர் என்று தீர்ப்பளிக்கும் அதிகாரத்தைத் தன்னிடம் வைத்திருந்தது. ஹவாயில் எழுந்த ஓர் அலை, பிலிமில் பதிந்து, கழுவப்பட்டு, ஆசிரியரின் மேசையில் எத்தனையோ படங்களோடு போட்டியிட்டு, வாசகன் கைக்கு வந்து சேர மாதங்கள் ஆகும். அந்தத் தாமதத்தில் ஒரு நிதானம் இருந்தது மெய். ஆனால் அதைப் புனிதமாக்கிப் பேசுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. அம்மேசையில் கழிக்கப்பட்டவற்றுள் பெண்களின் சாமர்த்தியமே முதன்மையானது. அலைமேல் நின்ற பெண்ணைவிட மணலில் படுத்திருந்த பெண்ணுக்கே பக்கங்கள் தாராளமாய்க் கிடைத்தன.

கடலோ கடிகாரத்துக்குக் கட்டுப்படாதது. நல்ல அலைக்காக நாட்கணக்கில் காத்திருந்து நடத்தும் போட்டியைத் தொலைக்காட்சி தன் அட்டவணைக்குள் அடக்க முடியாமல் தவித்தது. இணையத்துக்கு அச்சங்கடம் இல்லை. இன்று ஆடவர் சுற்றும் மகளிர் சுற்றும் ஒரே திரையில், நிகழும் கணத்திலேயே காணக் கிடைக்கின்றன. 2019 முதல் உலகத் தொடரில் இருபாலருக்கும் பரிசுத்தொகை சமம். ஒளிபரப்பே இதற்குக் காரணமென்று நான் சாதிக்க மாட்டேன். எனினும் கண்ணெதிரே காணும் திறமையை இல்லையென்று மறுப்பது கடினமாயிற்று.

தோஷம் வேறிடத்தில் இருக்கிறது. போட்டியை நடத்தும் உலக அலைச்சறுக்கு லீகே அதை ஒளிபரப்பவும் செய்கிறது. ஒவ்வோர் அலையேற்றத்தையும் ஐந்து நடுவர்கள் பத்துக்கு இவ்வளவென்று மதிப்பிட, அவற்றுள் மிகக் கூடியதும் மிகக் குறைந்ததும் நீக்கப்பட்டு, எஞ்சிய மூன்றின் சராசரியே அந்த அலைக்கு வீரர் பெறும் எண்ணாகிறது. கண்ணின் அபிப்பிராயத்தையே ஆதாரமாகக் கொண்ட இம்முறையில் பிழை நேர்வது சகஜம். அதைச் சுட்ட வேண்டிய வர்ணனையாளரோ, நடத்துபவரின் உப்பைத் தின்பவர். ஆகவே விமர்சனம் ரசிகர் கூச்சலுக்குள் புகுந்து, வசைக்கும் தனக்குமுள்ள பேதத்தை இழந்துவிடுகிறது. அந்த வசையைத் தாங்க வேண்டியவர்களில் பலர் மீசை அரும்பாத பிள்ளைகளும் பள்ளிப் பருவச் சிறுமியருமே. போதாக்குறைக்கு, தம் புகழைத் தாமே கைபேசியில் படம்பிடித்து நாள்தோறும் பரப்ப வேண்டிய நிருபர் வேலையும் அவர்கள் தலையில் விழுந்திருக்கிறது.

இந்த அவசரத்துக்கு இடையில் ஒரு வேடிக்கை: 2024 ஒலிம்பிக்கில், டாஹிட்டியின் தெயாஹுபோவில், கேப்ரியல் மெதினா 9.90 பெற்ற அலையை உலகம் நேரடியாகவே கண்டது. ஆயினும் அனைவர் மனத்திலும் தங்கியது, அப்போது படகிலிருந்து ஜெரோம் புரூயே எடுத்த, அசையாத ஒரு புகைப்படம்.

இதே அவசரத்தின் நடுவே நான் மதிப்பது ஓர் இளம் வீராங்கனையின் பொறுமையை. கலிபோர்னியாவின் கேட்லின் சிம்மர்ஸ் 2022-ஆம் ஆண்டின் உலகத் தொடருக்குத் தகுதி பெற்றும், 16 வயதில் அந்த இடத்தை வேண்டாமென்று மறுத்துவிட்டு, மறு ஆண்டே சேர்ந்தார். 2024-இல், 18 வயதில், உலகப் பட்டம் அவருடையதாயிற்று. அப்பட்டம் வென்றவர்களுள் அவரினும் இளையவர் அதுவரை இருந்ததில்லை.