கூகுள் ட்ரெண்ட்ஸ்: அடர்நீல மாநிலத்தை நம்பலாமா?

கூகுள் ட்ரெண்ட்ஸில் 'டெங்கு' என்று தட்டி, நாடு இந்தியா என்று வைத்தால், கோட்டுப் படத்துக்குக் கீழே மாநில வாரியான வரைபடம் வருகிறது. மிக அடர்ந்த நீலத்தில் இருக்கும் மாநிலத்துக்கு 100. மற்றவை அதற்குக் கீழே. 2006 முதல் இலவசமாகக் கிடைக்கும் இந்தச் சேவையில் எளிதாகத் தவறாகப் படிக்கப்படுவது இந்தப் படம்தான். 100 என்பது தேடல்களின் எண்ணிக்கை அல்ல. ஒரு மாநிலத்தின் மொத்தத் தேடல்களில் இந்தச் சொல்லின் பங்கு எவ்வளவு என்று பார்த்து, பங்கு மிகுந்த இடத்துக்கு 100 கொடுத்து, மற்ற இடங்களை அதற்கேற்ப இறக்குகிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி லட்சத்தீவில் சுமார் 64,000 பேர், தமிழ்நாட்டில் 7.2 கோடிப் பேர். லட்சத்தீவுக்கு 100, தமிழ்நாட்டுக்கு 40 என்று வந்தாலும், ஆள்கணக்கில் தமிழ்நாடுதான் பல மடங்கு மேலே இருக்கும்.

பங்கைப் பார்க்காவிட்டால் எந்தச் சொல்லுக்கும் உத்தரப் பிரதேசமும் மகாராஷ்டிரமும்தானே முந்தும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வகுக்கும் எண்ணே இடத்துக்கு இடம் வேறு. கிரிக்கெட், சினிமா, ரயில் டிக்கெட் என்று மற்ற தேடல்கள் பெருகும் மாநிலத்தில், டெங்குவைத் தேடுவோர் ஒருவர்கூடக் குறையாமலே அதன் பங்கு சரியும். போதாக்குறைக்கு, கூகுள் எல்லாத் தேடல்களையும் எண்ணுவதில்லை. ஒரு மாதிரியை எடுத்துத்தான் கணக்கிடுகிறது. தேடல் குறைந்த இடங்களில் எண் தள்ளாடுவது இதனால்தான். அத்தகைய பகுதிகளையும் சேர்த்துக்கொள்ள ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் டிக் அடித்தால் பட்டியலின் தலையில் வேறு இடம் வந்து உட்காரலாம். மொழி இன்னொரு பொறி. தமிழ் எழுத்தில் அடித்த சொல் ஆங்கில எழுத்தில் தேடியவர்களைச் சேர்க்காது. இரண்டு மாநிலங்களை அப்படி ஒப்பிட்டால் தெரியவருவது காய்ச்சலின் நிலவரமல்ல, யார் எந்த எழுத்தில் தட்டுகிறார்கள் என்பதுதான். பரிந்துரைப் பட்டியலில் 'நோய்' என்ற குறிப்போடு வரும் தலைப்பைத் தேர்ந்தெடுத்தால் பல மொழித் தேடல்கள் ஒன்றுசேரும். பெரும்பாலான வேலைக்கு அதுவே சரி.

எப்படியானாலும் தேடல் கூடினால் நோய் கூடியிருக்கிறது என்றுதானே பொருள் என்பார்கள். கூகுளே அப்படித்தான் நம்பியது. 2008இல் ஃப்ளூ காய்ச்சலுக்கும், 2011இல் இந்தியா உள்ளிட்ட சில நாடுகளில் டெங்குவுக்கும் தேடல்வழிக் கணிப்பைத் தொடங்கியது. 2012–13 குளிர்காலத்தில் அமெரிக்க ஃப்ளூ கணிப்பு உண்மை நிலவரத்தைவிட வெகுவாக எகிறியது. பரபரப்பான செய்திகளைப் பார்த்துத் தேடியவர்களே அதற்கு முக்கியக் காரணம் எனப் பலர் கருதினர். 2015இல் இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். காய்ச்சலில் கிடப்பவரும், செய்தி பார்த்துப் பயந்தவரும் தேடல் பெட்டியில் ஒரே சொல்லைத்தான் அடிக்கிறார்கள்.

ஒரே இடத்தில் காலப்போக்கில் ஆர்வம் ஏறி இறங்குவதைப் பார்க்க இது அருமையான கருவி. அதிலும் 2011 தொடக்கத்திலிருந்து இடத்தைக் கணிக்கும் முறை மாறியது என்ற குறிப்பு கோட்டுப் படத்திலேயே இருக்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டி ஒப்பிடாதீர்கள். வரைபடத்தைச் செய்தியில் போடுகிறவர்கள், எந்தக் காலம், சொல்லா தலைப்பா, குறைந்த தேடல் பகுதிகள் சேர்ந்தனவா என்பதைப் படத்துக்குக் கீழே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.