ஃபிஃப்டி எல்லாருக்கும் அல்ல

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டே, முகூர்த்த நாளில் கேமராப் பையுடன் கல்யாண மண்டபத்துக்குப் போகும் இளைஞர்கள் உண்டு. கையில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேனானோ நிக்கானோ இருக்கும். அதோடு வந்த 18-55 எம்.எம். கிட் லென்ஸ்தான் அதில் மாட்டியிருக்கும். பத்தாயிரம் ரூபாய் சேர்ந்ததும் அடுத்த லென்ஸ் எது என்று மூத்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "கிட் லென்ஸை வித்துடு தம்பி, ஒரு ஃபிஃப்டி வாங்கிப் போடு." அந்தப் பதிலில் பாதி சரி. மீதிப் பாதி ஃபிலிம் காலத்துச் சரக்கு.

சரியான பாதி வெளிச்சம் பற்றியது. சித்திரை மாதம் ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் ராமானுஜர் அவதார உற்சவம் பத்து நாள் நடக்கிறது. இரவுப் புறப்பாட்டைத் தெருவிளக்கிலும் தீவட்டியிலும் எடுக்க வேண்டியிருந்தால் கிட் லென்ஸ் திணறும். 55-இல் நின்றால் அதன் துளை எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. ஃபிஃப்டி எனப்படும் 50 எம்.எம். பிரைம், அதாவது சூம் ஆகாத லென்ஸ், எஃப் 1.8 வரை திறக்கும், ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கிட் லென்ஸில் 1/25 நொடி கேட்கும் காட்சியைப் பிரைமில் அதே ஐஎஸ்ஓவில் 1/250 நொடியில் எடுத்துவிடலாம். பல்லக்குத் தூக்கிகளின் முகம் இழுபடாமல் நிற்பது இந்த வித்தியாசத்தில்தான். கிட் லென்ஸில் நடுக்கம் தடுக்கும் வசதி இருக்கிறதே என்று சிலர் வாதாடுவார்கள். அது நம் கை ஆட்டத்தை நிறுத்தும், நடந்து வருகிறவரை நிறுத்தாது. இதே வேலையை ஓரளவு செய்யும் 24-70 எஃப் 2.8 சூம் புதிதாக வாங்கினால் லட்சத்தைத் தாண்டும். பத்தாயிரத்துக்குப் பிரைம் தரும் வெளிச்சத்தை வேறு எந்தப் புது லென்ஸும் தராது. இந்த ஒரு காரணத்துக்காக அதைப் பரிந்துரைத்தால் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் பரிந்துரைப்பவர்கள் இதோடு நிறுத்துவதில்லை. "பிரைம்னா ஷார்ப்" என்பது அடுத்த வாதம். ஒருகாலத்தில் இது உண்மை. 35 எம்.எம். ஸ்டில் கேமராவுக்கான முதல் சூம் என்று சொல்லப்படும் ஃபாய்க்ட்லாண்டர் சூமார் 1959-இல் வந்தது, 36-82 எம்.எம். அதற்குப் பிறகும் நெடுநாள் மலிவு சூம்கள் மங்கலாகவே இருந்தன, அந்தக் கெட்ட பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போதைய கிட் லென்ஸை எஃப் 8-இல் வைத்து எடுத்த படத்தையும் பிரைமில் எடுத்ததையும் ஆல்பத்தில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் மணமகளின் அம்மாவுக்கு மட்டுமல்ல, எடுத்தவருக்கே அடையாளம் தெரியாது. மலிவு ஃபிஃப்டி முழுதாகத் திறந்த நிலையில் தானே கொஞ்சம் மென்மையாகத்தான் வரும் என்பதையும் யாரும் சொல்வதில்லை. கூர்மைக்கும் படத்தின் மதிப்புக்கும் உள்ள தூரம் ஸ்ரீபெரும்புதூருக்குத் தெரிந்ததுதான். 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தியோடு இறந்தவர்களில் ஒரு ஃபோட்டோகிராஃபரும் உண்டு. அவர் கேமரா மட்டும் பிழைத்தது. அதிலிருந்த ஃபிலிம்தான் கொலை வழக்கைத் திறந்த முக்கியத் தடயம். அந்தப் படங்களின் கூர்மையை எவரும் அளந்து பார்க்கவில்லை.

வெளிச்சத்துக்குக் கொடுக்கும் விலையும் ஒன்று இருக்கிறது. ஒன்றரை மீட்டர் தூரத்தில் 50 எம்.எம்.-ஐ எஃப் 1.8-இல் திறந்தால், சின்ன சென்சார் கேமராவில் கூர்மையாக விழும் ஆழம் சுமார் ஆறு சென்டிமீட்டர். மணமகளின் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் அரை அடி பின்னால் நிற்கும் மணமகன் கரைந்துபோவார். பின்னணி வெண்ணெயாகக் கரைகிறதே என்று வியந்து வாங்கியவர் குடும்பப் படத்தில் பெரியப்பாவும் கரைந்திருப்பதை ஆல்பம் போடும்போதுதான் பார்ப்பார்.

மூன்றாவது வாதம்தான் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காதது: "சூம் எதுக்கு, கால் இருக்கே, நடந்து போ." நடந்தால் படத்தின் அளவு மாறுவது போலவே முகத்துக்கும் பின்னணிக்கும் உள்ள விகிதமும் மாறிவிடும். அகலக் கோண லென்ஸை வைத்துக்கொண்டு கிட்டே போனால் மூக்கு பெருக்கும். ஆக, நடப்பது சூம் செய்வதற்கு ஈடு அல்ல. அதைவிடப் பெரிய சிக்கல், பல இடங்களில் நடக்கவே முடியாது. இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் தொடங்கிய மோட்டார் ரேஸ் டிராக் இருக்கிறது. வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பவர் பைக்கை நோக்கி நடந்து போக இயலுமா? அங்கே ஃபிஃப்டியில் எடுத்தால் பைக் எறும்பு அளவில் வரும். மலிவான 55-250 அல்லது 70-300 சூம் அங்கே ராஜா. அதன் குறையாகச் சொல்லப்படும் சின்னத் துளை அந்த வெயிலில் குறையே அல்ல. பைக்கோடு கேமராவைத் திருப்பிக்கொண்டே பேனிங் எடுப்பவர் ஐஎஸ்ஓ 100, 1/125 நொடி வைத்தால் துளையை எஃப் 14, 16 என்று சுருக்கியே ஆக வேண்டும். எஃப் 1.8-க்குக் காசு கொடுத்தவர் அங்கே அதைத் தொடக்கூட மாட்டார்.

வேடந்தாங்கலிலும் இதே கதை. கரையில் நாம், ஏரி நடுவே மரத்தில் கூழைக்கடா. 300 எம்.எம். கூடப் போதாது. பறவைக்கான நீள பிரைம்கள் பல லட்சம், அந்தப் பேச்சே இங்கே வேண்டாம்.

ஃபிஃப்டி ஏன் இத்தனை புகழ் பெற்றது என்பதையும் பார்க்க வேண்டும். ஃபிலிம் கேமராவில் அது கண்ணுக்கு இயல்பான கோணம் தந்தது, விலையும் குறைவு. நம் இளைஞர்கள் கையில் இருக்கும் மலிவு டி.எஸ்.எல்.ஆர். பெரும்பாலும் ஏ.பி.எஸ்-சி என்னும் சின்ன சென்சார் கொண்டவை. அதில் 50 மாட்டினால் நிக்கானில் 75, கேனானில் 80 எம்.எம். கோணம்தான் கிடைக்கும். நெருக்கமான முகப் படத்துக்கு அருமை. சின்ன மண்டபத்தில் மேடைக்கு முன்னால் வீடியோக்காரரும் உறவினரும் நெருக்கும்போது பின்னால் நகர இடமில்லாமல் தலைகளை வெட்டித்தான் எடுக்க வேண்டும். அப்போதுதான் விற்றுவிட்ட 18-55 நினைவுக்கு வரும். அந்தப் பழைய இயல்புக் கோணத்தை இன்று தருவது 35. நிக்கானின் டி.எக்ஸ். 35 எஃப் 1.8 2009 முதல் சந்தையில் இருக்கிறது, செகண்ட் ஹேண்டிலும் கிடைக்கிறது. கேனான்காரர்களுக்கு இந்த இடத்தில் அநியாயம்தான்: அதே விலையில் அதே வேகத்தில் அவர்கள் கம்பெனி 35 செய்யவில்லை. 24 எஃப் 2.8 இருக்கிறது, கோணம் நல்லது, வெளிச்சம் சுமார்.

இதில் ஒரு வேடிக்கை. சுங்குவார்சத்திரத்தில் உற்பத்தியாகும் ஐஃபோன்களின் பின்பக்கத்தில் இருக்கும் லென்ஸ்கள் எல்லாமே பிரைம். விரலால் இழுத்துப் பெரிதாக்குகிறோமே, அது ஒரு பிரைமிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதும் இடையில் படத்தை வெட்டிக்கொள்வதும்தான். அதே வித்தையை 35-இலும் செய்யலாம். 24 மெகாபிக்சல் படத்தை 50-இன் கோணத்துக்கு வெட்டினாலும் கிட்டத்தட்ட 12 மெகாபிக்சல் மிஞ்சும், ஆல்பத்துக்குத் தாராளம். 50-இல் எடுத்ததை 35 ஆக விரிக்கத்தான் வழியில்லை.

இதைச் சொல்வதால் சூமுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். 18-300 போன்ற "எல்லாம் ஒன்றில்" லென்ஸ்களை வாங்குவது பட்ஜெட்காரர் செய்யும் மிகப் பெரிய செலவுப் பிழை. கனமும் அதிகம், விலையும் அதிகம், நீளமான முனையில் துளை எஃப் 6.3 வரை சுருங்கிவிடும். மண்டப வெளிச்சத்தில் அது கிட் லென்ஸைவிட மோசம்.

செகண்ட் ஹேண்டில் வாங்குபவர் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் லென்ஸுக்குள் ஃபங்கஸ் பிடிப்பது சாதாரணம். சூமில் கண்ணாடித் துண்டுகள் அதிகம், முன்னும் பின்னும் நகரும்போது காற்றையும் தூசியையும் உள்ளே இழுக்கும், பிரித்துச் சுத்தம் செய்வதும் சிரமம். பழையதாக வாங்குவதென்றால் பிரைம்தான் பயம் குறைந்தது. மொபைல் டார்ச்சைப் பின்பக்கம் அடித்துப் பாருங்கள், சிலந்தி வலை போல நூல் தெரிந்தால் என்ன விலை சொன்னாலும் வேண்டாம். நிக்கானில் பழைய "டி" வகை 50 மலிவாகக் கிடைக்கும். டி3000, டி5000 வரிசை பாடிகளில் மோட்டார் இல்லாததால் அதில் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. கடைக்காரர் இதைச் சொல்லாமலும் விடலாம்.

ஆக என் தீர்ப்பு: கிட் லென்ஸை விற்காதீர்கள், விற்றாலும் பெரிதாக ஒன்றும் வராது. அதோடு ஒரே ஒரு பிரைம் போதும். நிக்கானென்றால் 35. கேனானென்றால், எடுப்பது பெரும்பாலும் முகம் என்றால் மட்டும் 50. ரேஸுக்கும் பறவைக்கும் நீள சூமை அன்றைக்கு மட்டும் சென்னையில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். காசு கொடுக்கும் முன் கிட் லென்ஸில் எடுத்த பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து, ஒவ்வொன்றும் எத்தனை எம்.எம்.-இல் எடுத்தது என்று பாருங்கள். அந்த விவரம் ஒவ்வொரு ஃபைலிலும் பதிவாகியிருக்கும். முக்கால்வாசி 18-க்கும் 30-க்கும் நடுவில் இருந்தால், யார் சொன்னாலும் ஃபிஃப்டி வாங்காதீர்கள்.