‘சந்திரரோகி’ என்ற சொல்லும் மலையடிவாரத்துச் சிறுவனும்

மறுரூப மலை நிகழ்ச்சியைக் கோடைக்கானலில் பிரசங்கிப்பது எளிது. அமெரிக்க மதுரை மிஷன் ஊழியர் சமவெளிக் காய்ச்சலுக்குத் தப்பி 1845இல் இங்கு முதல் வீடுகளை எழுப்பினர். இன்றும் நம் தியான முகாம்கள் இவ்வூரை நாடுகின்றன. மூடுபனி எதிரே நிற்க, கூடாரம் போட விரும்பிய பேதுருவை விளக்க உவமை தேடவேண்டியதில்லை. ஆயின் இப்பிரசங்கங்களுள் பல மலைமேலேயே முடிந்துவிடுகின்றன. அடிவாரத்துச் சிறுவனிடம் இறங்கி வருவோரும், அவனைப் பேய் பிடித்தவன் என்று சொல்லிவிட்டு, விசுவாசக் குறைவைப் பற்றிய போதனைக்கு விரைகின்றனர். இவ்விரைவால் வலிப்பு நோயுள்ளோருக்கு நேரும் தீங்கு சிறிதன்று.

மத்தேயு 17:15இல் நம் பழைய மொழிபெயர்ப்பு ‘சந்திரரோகி’ என்கிறது. கிரேக்கச் சொல்லும் நிலவைக் குறிக்கும் ‘செலேனே’ என்பதன் அடியாகப் பிறந்ததே. மொழிபெயர்ப்பாளரைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் வலிப்புள்ள பிள்ளையைப் பெற்ற தாய் இச்சொல்லில் தன் பிள்ளையைக் காணமாட்டாள். அச்சொல் விளங்காமற்போகவே ‘பிசாசு’ ஒன்றே அவள் காதில் விழுகிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ‘வலிப்பு நோய்’ என்று தெளிவாகச் சொன்னது நன்று. அதுவும் 18ஆம் வசனத்துப் பேயை நீக்கவில்லை, நீக்கவும் இயலாது. எனினும் இதே மத்தேயு 4:24இல் பேய் பிடித்தோரையும் இந்நோயாளரையும் தனித்தனியே எண்ணுகிறார். அவர் பிரித்ததை நாம் பிரசங்க பீடத்தில் ஒன்றாக்குவானேன்? சைவ மரபிலும் நடராசர் திருவடிக்கீழ்க் கிடக்கும் உருவுக்கும் இந்நோய்க்கும் ‘முயலகன்’ என்பதே பெயர். குழப்பம் பழையது. முன்னோரிடம் மாத்திரை இல்லை, நம்மிடம் உண்டு.

பீனோபார்பிட்டால் 1912முதல் வலிப்புக்கு வழங்கப்படும் மலிவான மருந்து. முறையாக நோயறிந்து மருந்தளித்தால் நூற்றுக்கு 70 பேர்வரை வலிப்பின்றி வாழலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. வேலூர் மாவட்டத்தில் நடந்த ஆய்வொன்றில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினருக்கு மூளையில் தங்கிய நாடாப்புழுவே காரணமாகக் காணப்பட்டது. அதன் முட்டை மனித மலத்தால் அசுத்தமான கை, நீர், உணவு வழியே வருவதால் மரக்கறி உண்போரும் தப்புவதில்லை. எல்லாம் பிசாசின் கிரியை என்னும் பிரசங்கி, கழிப்பறையைப் பற்றிப் பேசும் தொல்லையிலிருந்து தப்பிவிடுகிறார்.

மாற்கு 9ஆம் அதிகாரமோ வேறுவகையில் நடக்கிறது. எவ்வளவு காலமாய் இப்படி என்று இயேசு தந்தையிடம் கேட்கிறார். மருத்துவரும் முதலில் கேட்பது இதுவே. தந்தை சொல்லும் தீயும் தண்ணீரும் வெறும் அலங்காரமல்ல. பூம்பாறையிலோ மன்னவனூரிலோ குளிருக்கு மூட்டிய நெருப்பருகில் வலிப்பு வந்தவருக்கு அவற்றின் பொருள் தெரியும். ஓடையில் தனியே குளித்தல், அடுப்பில் உலையேற்றுதல், தாண்டிக்குடித் தோட்டத்தில் ஏணியேறி மிளகு பறித்தல் ஆகிய யாவும் இவருக்கு அச்சத்துக்குரியவை. வாழ்க்கைத் தரம் என்பது இதுதான். மாத்திரை தீர்ந்து பேருந்தில் மலையிறங்க ஒருநாள் கூலி போகிறது.

சட்டம்கூட இவர்களை விட்டுவைக்கவில்லை. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பை மணத்துக்குத் தடையாகச் சேர்த்தது. 1999இலேயே அது நீக்கப்பட்டது. நம் ஆலயத்தில் ஓலை வாசிக்கப்படும் பெண்ணும் நோயை மறைத்து, மாமியார் கண்ணுக்கஞ்சி மாத்திரையை நிறுத்துகிறாள். திடீரென நிறுத்தினால் ஓயாத வலிப்பு வந்து உயிரே போகலாம். சுகமளிக்கும் கூட்டங்களில் மாத்திரையை எறியச் சொல்வோர் இதை அறிந்திருக்கவேண்டும்.

மாற்கில் தந்தை ‘எங்களுக்கு’ உதவும் என்று பன்மையில் வேண்டுகிறார். இந்நோயாளரின் வாழ்க்கைத் தரத்தை அளக்க மருத்துவ உலகம் வகுத்துள்ள 31 கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாளில் வண்டி ஓட்டுவது பற்றியும் கேள்வி உண்டு. தந்தையின் பன்மைக்கு இடமில்லை. அது ஆயர் கேட்கவேண்டிய கேள்வி. இம்மலைத்தொடரின் அடிவாரத்தில், ஒட்டன்சத்திரத்தில், 1955முதல் கிறிஸ்டியன் பெலோஷிப் மருத்துவமனை இருக்கிறது. அங்கு அனுப்புவதை ஜெபத்துக்கு எதிரானதாய்க் கருதும் சபையார் இன்னும் உளர்.

இவ்வகைப் பிசாசு ஜெபத்தினாலன்றிப் போகாது என்னும் 29ஆம் வசனத்தில் ‘உபவாசம்’ என்ற சொல் மிகப் பழைய சில கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. இது மூலபாட வகுப்போடு நிற்கத்தக்க செய்தியன்று. உறக்கமின்மை வலிப்பைத் தூண்டும். உபவாச நாளில் மாத்திரையும் தவறும். சிறுவனுக்காக இரவுமுழுதும் ஜெபிக்கும் சபை, அவனை வேளைக்கு உணவும் மாத்திரையும் கொடுத்து முதலில் உறங்க அனுப்பவேண்டும்.