எண்ணும்மையும் இரு கல்விகளும்: உடற்கல்வி ஆசிரியர் பயிற்சி பற்றிய ஒரு விமர்சன நோக்கு

நம் பாடசாலைகளிற் கற்பிக்கப்படும் பாடங்களுள், இரண்டு துறைகளை ஓர் இடைச்சொல்லாற் பிணைத்து நிற்பது ஒன்றுண்டு. 'சுகாதாரமும் உடற்கல்வியும்' என்பது அதன் பெயர். இப்பெயரில் வரும் 'உம்' எண்ணும்மை. தான் இணைக்கும் சொற்களைச் சமநிலையில் நிறுத்துவதே அதன் இயல்பு. ஆயின் நடைமுறை இலக்கணத்தைப் பின்பற்றவில்லை. மைதானத்தில் ஊதுகுழலுடன் நிற்கும் ஆசிரியரும், மழை நாளில் வகுப்பறைக்குள் வந்து போசணை பற்றிக் குறிப்பெழுதச் சொல்லும் ஆசிரியரும் ஒருவரே. எனினும் அவ்விரு பணிகளுக்கும் இடையே யாதொரு தொடர்பும் இருப்பதாக மாணவர் உணர்வதில்லை. இப்பிளவு தனிப்பட்ட ஆசிரியரது குறைபாடன்று; அவர் பயிற்றப்பட்ட முறையிலேயே அதன் வேர் உள்ளது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கவிதையையும் நாடகத்தையும் சமூகப் பின்னணியில் வைத்து விமர்சிக்கப் பழகிய நாம், ஆசிரியர் பயிற்சியை, அதிலும் உடற்கல்வி ஆசிரியர் பயிற்சியை, விமர்சனத்துக்குரிய பொருளாகக் கருதியது மிகக் குறைவு. விளையாட்டு விழா மலர்களிலே திருமூலர் உடம்பைப் பற்றிக் கூறியது தவறாது மேற்கோள் காட்டப்படும். அம்மேற்கோளோடு நமது சிந்தனை நின்றுவிடுகின்றது. 'பி.ரி. மாஸ்ரர்' எனும் வழக்கிலே அன்பு உண்டு. அறிவுத்துறை சார்ந்த மதிப்பு உண்டா என்பது ஐயத்துக்குரியது. உடலுழைப்பைத் தாழ்வாகவும் ஏட்டறிவை உயர்வாகவும் கொள்ளும் ஒரு சமூக மனோபாவம் இதன் பின்னே உண்டென்பதை மறுத்தல் இயலாது.

பயிற்சியின் இன்றைய நிலையை விளங்கிக்கொள்ள, அது எங்கிருந்து வந்தது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும்.

ஐரோப்பாவில் நெப்போலியன் காலத்துப் போர்களின் நிழலிலேதான் நவீன உடற்கல்வி உருவாகியது. 1811இல் பெர்லின் நகர்ப்புறத்தில் யான் திறந்த பயிற்சித் திடல், ஜேர்மானிய இளைஞரைத் தேசத்திற்காக வலுப்படுத்தும் நோக்குடையது. 1813இல் ஸ்ரொக்ஹோம் நகரில் லிங் நிறுவிய அரச மத்திய நிலையம் சீருடற்பயிற்சி ஆசிரியரைப் பயிற்றியது. லிங் தமது முறையைக் கல்வி, படை, மருத்துவம், அழகியல் என நான்காக வகுத்தார். ஆக, ஆசிரியரும் படைப் பயிற்சியாளரும் உடற்சிகிச்சையாளரும் ஒரே கூரையின்கீழ்ப் பிறந்தவர்கள் எனலாம்.

இங்கிலாந்திற் போயர் யுத்தத்துக்கு (1899–1902) ஆட்சேர்த்தபோது, தொழிலாளர் குடும்பத்து இளைஞர் பலர் உடற்றகுதியின்றி விலக்கப்பட்டனர். இதனால் எழுந்த அச்சத்தை ஆராய்ந்த குழுவின் அறிக்கை 1904இல் வெளிவந்தது. சில ஆண்டுகளில் அந்நாட்டின் கல்விச் சபையில் மருத்துவப் பிரிவு ஒன்று தோன்றி, உடற்பயிற்சியும் அதன் பொறுப்பாயிற்று. சுவீடன் முறையைத் தழுவிய 1909ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் அவ்வாறு வெளியானதே. சுகாதாரமும் உடற்பயிற்சியும் ஒன்றாய் இணைந்தமைக்கு இது ஒரு முக்கிய திருப்பம். ஆயின் அவ்விணைப்பு பிள்ளையின் நலனை மட்டுங் கருதி நிகழவில்லை என்பதும் கருதற்பாலது. தொழிற்சாலைக்கும் படைக்கும் தகுதியான உடல் தேவைப்பட்டது. அதனைக் கட்டளை வாய்பாடுகள் மூலம் உருவாக்குபவராக ஆசிரியர் கருதப்பட்டார்.

இம்மரபினின்று வேறுபட்ட இரு முயற்சிகளை ஈண்டுக் குறிப்பிடல் தகும். ஸ்ரொக்ஹோமிற் பயின்ற மார்ட்டினா பேர்க்மன்-ஒஸ்ரர்பேர்க் 1885இல் இலண்டனிற் பெண்களுக்கென ஓர் உடற்கல்விப் பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். அது 1895இல் டார்ட்போர்ட் நகருக்கு மாறியது. அங்கு உடற்கூற்றியலும் உடற்றொழிலியலும் சுகாதாரமும் பயின்ற பெண்களே அயற் பாடசாலைகளுக்குச் சென்று கற்பித்துப் பழகினர். கூடைப்பந்தாட்டம் மாற்றமுற்று வலைப்பந்தாட்டமாக உருப்பெற்றதில் அக்கல்லூரிக்குப் பெரும் பங்குண்டு. வசதி படைத்த குடும்பத்துப் பெண்களே அதிற் பெரிதுஞ் சேர்ந்தனர் என்ற வரையறையை ஒப்புக்கொண்டாலும், அறிவும் அசைவும் ஒரே ஆசிரியரிடம் ஒன்றிணையலாம் என்பதற்கு அது ஒரு சான்று.

மற்றையது அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் பயிற்சிக் கல்லூரி. 1891 டிசெம்பரில், குளிர்கால உடற்பயிற்சிகளிற் சலிப்புற்ற பதினெட்டுப் பேர் கொண்ட ஒரு வகுப்புக்காக, நெய்ஸ்மித் எனும் விரிவுரையாளர் இரண்டு பழக்கூடைகளையும் பதின்மூன்று விதிகளையும் கொண்டு ஒரு விளையாட்டை ஆக்கினார். கூடைப்பந்தாட்டம் பிறந்த கதை இது. விளையாட்டை வைத்துக்கொண்டு அதற்கேற்ற மாணவரைத் தேடாது, மாணவரைப் பார்த்து அவர்களுக்கேற்ற விளையாட்டை ஆக்கியதே அவ்வாசிரியரின் சிறப்பு. அதே கல்லூரியிற் பயின்ற ஹரி குரோ பக், 1920இற் சென்னையில் வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். இலங்கையிலிருந்தும் மாணவர் அங்கு சென்று பயின்று திரும்பினர். கட்டளைக்குக் கைகாலை நீட்டி மடக்கும் 'டிறில்' வகுப்புக்கு அப்பால், விளையாட்டையே கல்விச் சாதனமாகக் கொள்ளும் நோக்கு நம் நாட்டுக்கு வந்த வழிகளுள் இதுவும் ஒன்று.

இலங்கையில் 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம், இடைநிலைப் பொதுக் கலைத்திட்டத்திற் சுகாதாரத்துக்கும் உடற்கல்விக்கும் சேர்த்து ஓர் இடத்தை வழங்கியது. 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் துணையோடு கல்வியியற் கல்லூரிகள் நிலைபெற்றன. இரண்டாண்டு வதிவிடப் படிப்பும், பாடசாலையோடு இணைந்த ஓராண்டுக் கட்டுறு பயில்வும் என்ற அமைப்பு, முன்னைய ஆசிரிய கலாசாலை முறையினும் முன்னேற்றமானது என்பதில் ஐயமில்லை. தொழிலில் இறங்கியபின் பயிற்சி என்ற நிலை மாறி, பயிற்சியின்பின் தொழில் என்ற நிலை உருவாயிற்று.

ஆனால் அமைப்பு மாறியபோதிலும் அடிப்படை நோக்கு மாறியதா என்பதே வினா. நமது பயிற்சி மரபில் மூன்று படிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்கின்றன. அணிநடையும் உடற்பயிற்சிக் கண்காட்சியும் படைமுகாமின் எச்சங்கள். நகத்தையும் பல்லையும் பார்வையிடும் சுகாதார வழக்கம் மருத்துவ அதிகாரியின் எச்சம். பதக்கமும் கேடயமும் போட்டி விளையாட்டின் கொடை. இவை மூன்றும் தம்முள் உரையாடுவதேயில்லை. பயிலுநர் காலையில் ஈட்டியெறிதலின் நுட்பத்தையும், நண்பகலில் விற்றமின்களின் பட்டியலையும், மாலையில் கரப்பந்தாட்ட விதிகளையும் கற்கிறார். மூன்றையும் ஒரு பிள்ளையின் உடலில் ஒருங்கே காண்பது எவ்வாறு என்பதை அவருக்குக் கற்பிக்கும் பாடவேளை எது?

இவ்வினாவை உதாரணங்களால் விளக்கலாம். பெண்பிள்ளைகளின் வளர்ச்சிவேகம் ஏறத்தாழப் பன்னிரண்டு வயதளவிலும், ஆண்பிள்ளைகளினது ஏறத்தாழப் பதினான்கு வயதளவிலும் உச்சமடைகின்றது. ஆயின் தனியாள் வேறுபாடு மிகப் பெரிது. பதின்மூன்று வயதுடைய இரு சிறுவருள் ஒருவன் ஏறக்குறைய இளைஞனாகவும் மற்றவன் இன்னும் குழந்தையாகவும் இருத்தல் இயல்பே. பதினான்கு வயதுக்குட்பட்டோர் ஓட்டத்தில் முன்னவன் வெல்கிறான். அவ்வெற்றியைத் 'திறமை' என்றும், பின்னவனது தோல்வியை 'இயலாமை' என்றும் பதிவுசெய்யும் ஆசிரியர், தாம் விரிவுரையிற் கற்ற வளர்ச்சிப் பருவப் பாடத்தை மைதானத்தில் மறந்துவிடுகிறார். அச்சிறுவனோ அத்தீர்ப்பை வாழ்நாள் முழுதும் மறப்பதில்லை. ஓடத் தெரியாதவன் எனத் தன்னைத்தானே நம்பிய ஒருவன், நாற்பது வயதில் மருத்துவர் நடக்கச் சொல்லும்போதுதான் தன் உடலை மறுபடி சந்திக்கிறான்.

இரண்டாவது உதாரணம் வெப்பம் பற்றியது. இல்ல விளையாட்டுப் போட்டிகள் முதலாந் தவணையில், மழை ஓய்ந்து வெயில் ஏறும் மாதங்களில் நிகழ்பவை. வெப்பத்துக்கு உடல் பழக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் வேண்டும். உடலின் உள்வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடந்து மனக்குழப்பம் தோன்றுமாயின் அது உயிராபத்து; நிழலிற் கிடத்தி நீரால் விரைந்து குளிர்வித்தலே முதற் கடமை, வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் அதனை அடுத்தது. இவை எழுத்துப் பரீட்சையிற் புள்ளி பெறுவதற்கான விடயங்களல்ல. 2024 மார்ச்சில் நம் நாட்டில் பாடசாலை மரதன் ஓட்டம் ஒன்றிற் பங்குபற்றிய மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அதன் காரணத்தை ஆராய்வது மருத்துவத்துக்கும் நீதித்துறைக்கும் உரியது. ஆயின் ஓட்டத்தை ஒழுங்கு செய்பவரும் உடலை அறிந்தவரும் ஒரே ஆளாக இருத்தல் வேண்டும் என்பதை இத்தகைய துயரங்கள் நமக்கு உணர்த்துகின்றன. எண்ணும்மை இங்கு வெறும் இலக்கணச் செய்தியன்று.

மூன்றாவது உதாரணம் மைதானத்தின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் மாணவியைப் பற்றியது. மாதவிடாய்க் காலத்தின் சங்கடம், உடையைப் பற்றிய கூச்சம், குருதிச்சோகையால் வரும் களைப்பு, வீட்டாரின் தடை என அவள் அமர்ந்திருப்பதற்குக் காரணங்கள் பலவாகலாம். அவற்றைப் பிரித்தறிவதற்குச் சுகாதார அறிவு வேண்டும். அறிந்தபின் அவளுக்கேற்ற அசைவைத் தேர்வதற்கு உடற்கல்வி அறிவு வேண்டும். நடைமுறையிலோ, பூப்பு பற்றிய அத்தியாயத்தை 'வீட்டில் வாசியுங்கள்' எனக் கடந்துவிடும் ஆசிரியரும் உளர். இக்கூச்சத்தைக் கடக்கும் பயிற்சி அவருக்கு அளிக்கப்படவில்லை என்பதே உண்மை. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு மதிப்பிட்டபோது, 11 முதல் 17 வயது வரையானோருள் நூற்றுக்கு 81 பேர் போதிய உடலசைவற்றவர்களாகக் காணப்பட்டனர். பெண்பிள்ளைகளில் இவ்வீதம் 85, ஆண்பிள்ளைகளில் 78. உலகளாவிய இவ்விடைவெளிக்கு நம் மைதானத்து ஓரங்களிலும் சாட்சிகள் உள்ளனர்.

போர் 2009இல் முடிவுற்ற நிலப்பகுதிகளில் இன்னொரு வினாவும் எழுகின்றது. அவயவம் இழந்தவரையும் அச்சத்தோடு வளர்ந்தவரையும் கண்ட சமூகம் இது. ஆற்றல் வேறுபட்ட பிள்ளை விளையாடுவதற்காக விதிகளை மாற்றியமைக்கும் கலையைப் பயிலுநர் எவ்வளவு நேரம் பழகுகிறார்? அத்தகைய பிள்ளைக்குப் புள்ளிக் கணக்கெழுதும் வேலையைக் கொடுப்பதைக் கருணை என நாம் கருதுவோமாயின், நமது கருணையே விமர்சனத்துக்குரியது.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழலாம். பதக்கங்களைக் குறைத்து மதிப்பிடுதல் சரியோ என்பர். சரியன்று. 1958இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் தங்கம் வென்றதும், நம் காலத்தில் தர்ஜினி சிவலிங்கம் வலைப்பந்தாட்ட அரங்கில் உலகின் கவனத்தை ஈர்த்ததும் இச்சமூகத்துக்குத் தன்மதிப்பைத் தந்த நிகழ்ச்சிகள். வசதி குன்றிய கிராமத்துப் பாடசாலைக்கும் மலையகத் தோட்டப் பாடசாலைக்கும், தலைநகரப் பாடசாலைகளோடு சமமாக நிற்கக்கூடிய அரிய களங்களுள் மைதானமும் ஒன்று. எனவே போட்டியை ஒழிக்கக் கோருதல் பொறுப்பற்றது. ஆயினும் பயிற்றுநரின் பணி வேறு, ஆசிரியரின் பணி வேறு. முன்னவர் நூறு பேரில் ஒருவரைத் தெரிகிறார். பின்னவருக்கு நூறு பேரும் பொறுப்பு. நமது பயிற்சி முறை இரண்டாமவருக்குரிய சான்றிதழை வழங்கி, முதலாமவரை உருவாக்க முயல்கின்றது.

பழியை ஆசிரியர் மீதும் கல்லூரி மீதும் மட்டும் சுமத்துதலும் நேர்மையன்று. அதிபர் கேடயத்தைக் கேட்கிறார்; பெற்றோர் கணிதத்தைக் கேட்கின்றனர். பரீட்சை நெருங்கும்போது நேரசூசியில் முதலிற் பறிபோவது உடற்கல்விப் பாடவேளையே. சாதாரண தரத்தில் விருப்பப் பாடமாகவும் எழுத்துப் பரீட்சையாகவும் அது வழங்கிவந்தமையால், ஓடாமலே திறமைச் சித்தி பெறுதலும் சாத்தியமாயிற்று. கட்டுறு பயில்வுக்குச் செல்லும் இளம் ஆசிரியர், தாம் கற்ற சிறிதளவு புதுமையையும் இச்சூழலில் இழந்துவிடுகிறார். வெண்கோடு இடுதலும் ஒலிபெருக்கி ஒழுங்குசெய்தலும் அவரது பயில்வின் பெரும்பகுதியாகிவிடுகின்றன.

எனினும் மாற்றம் தொடங்கவேண்டிய இடம் பயிற்சியே. 1978இல் யுனெஸ்கோ வெளியிட்ட பட்டயம் உடற்கல்வியை அனைவருக்கும் உரிய அடிப்படை உரிமையாக ஏற்றது. அவ்வுரிமையை ஒவ்வொரு பிள்ளையிடமும் கொண்டுசெல்பவர் ஆசிரியர். ஆதலின் கற்பித்தற் பயிற்சியை மதிப்பிடும் விரிவுரையாளர், வகுப்பில் மிகத் திறமையான மாணவரை நோக்காது, மிகப் பின்தங்கிய மாணவரை நோக்கிப் புள்ளியிடட்டும். அம்மாணவர் நாற்பது நிமிடங்களில் எத்தனை நிமிடம் அசைந்தார், எத்தனை நிமிடம் வரிசையிற் காத்து நின்றார் என்பதே அளவுகோலாகட்டும். பாட ஆயத்தக் குறிப்பில் அன்றைய விளையாட்டின் விதிகளோடு, அன்றைய வெயிலும் பிள்ளைகளின் உடல்நிலையும் இடம்பெறட்டும். சுகாதார விரிவுரைகளில் ஒரு பகுதி மைதானத்திலேயே நிகழட்டும். நாடித்துடிப்பைப் பற்றி வாசிப்பதிலும் ஓடி முடித்த தோழனின் மணிக்கட்டிற் கைவைத்து எண்ணுவது சிறந்த கல்வி. இவற்றுக்குப் பெரும் நிதி தேவையில்லை. நோக்கு மாற்றமே தேவை.

ஒரு சமூகம் தன் பிள்ளைகளின் உடலை எவ்வாறு கருதுகின்றது என்பதை அதன் உடற்கல்வி ஆசிரியரைப் பயிற்றும் முறையில் அறியலாம். கட்டளைக்குப் பணியும் உடல், பரிசோதனைக்கு உட்படும் உடல், பரிசு பெற்றுத்தரும் உடல் என மூவகை உடல்களை நமது மரபு அறிந்திருக்கின்றது. தனக்கே உரியதாய், தன்னால் அறியப்பட்டதாய், மகிழ்வோடு அசைவதாய் உள்ள உடலை அது இன்னும் அறியவில்லை. அதனை அறிந்த ஆசிரியர் உருவாகும்வரை 'சுகாதாரமும் உடற்கல்வியும்' என்பது பாடநூல் அட்டையில் மட்டும் இணைந்திருக்கும் இரு சொற்களாகவே இருக்கும்.