பூத்தொடுப்பவனும் படகுக்காரியும்

கடலோர ஊரான மண்கும்பானில் காற்று விழுந்த பின்னேரங்களில், வள்ளத்தின் துடுப்பு நீரைத் தொட்டு எழும் ஓசை கரை மணல் வரை கேட்கும். உடனே கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் வரும் பூங்குழலி நினைவுக்கு வருவாள், கோடிக்கரையிலிருந்து ஈழத்துக்குத் தனியாகப் படகு வலித்தவள். அவள் மனம் சோழ இளவரசர் ஒருவர் மேல். அவளுடைய அத்தை மகன் சேந்தன் அமுதனோ தஞ்சையில் கோயிலுக்குப் பூத்தொடுக்கிறவன், தேவாரம் பாடுகிறவன். வந்தியத்தேவனையும் குந்தவையையும் தேடிப் பக்கம் புரட்டுகிறவர்கள் இவர்களைக் கடந்து போய்விடுகிறார்கள். எனக்கு அமுதனின் பொறுமையில்தான் மனம் நிற்கும். காம்பு நசுங்காமல், இதழ் கசங்காமல் நாரை முடிகிற விரல்களின் பொறுமை அது. வற்புறுத்தவும் மாட்டான், விட்டுப் போகவும் மாட்டான். அவன் காய்ச்சலில் கிடக்கும்போது அவள் வந்து பக்கத்தில் இருக்கிறாள். பூக்குடலையும் துடுப்பும் ஒரே குடிசைச் சுவரில் சாய்ந்திருப்பது போலத் தோன்றும், அந்த இடம் வாசிக்கையில்.